முதல் கைவேலை ஃபிளின்ட்லாக்: கிட்டா, பழசா, ஆர்டரா?

பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஒரு தனி மான் வேட்டைப் பருவம் தொடங்கும். 1974 முதல் நடக்கிறது. சக்கிமுக்கிக் கல் உரசித் தீப்பொறி எழுப்பும் ஃபிளின்ட்லாக் துப்பாக்கிக்கு மட்டும்தான் அதில் அனுமதி. இந்தப் பருவத்துக்காகக் கடையில் ஒரு துப்பாக்கி வாங்கி, இரண்டு குளிர்காலம் போனபின் "கையால் செய்தது ஒன்று வேண்டும்" என்று ஆசை பிடிப்பவர்கள் இங்கே நிறையப் பேர். நானும் அதில் ஒருவன். அப்படித் தேடுகிறவருக்கு முன்னால் இருக்கும் வழிகளைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

கடைத் துப்பாக்கியை முதலில் முடித்துவிடலாம். டிரெடிஷன்ஸ் நிறுவனத்தின் ஸ்பெயின் தயாரிப்புகள் மலிவு. ஆனால் அவர்களுடைய கென்டக்கி மாடலில் குழலைத் தாங்கும் மரக்கட்டை இரண்டு துண்டு. நடுவில் பித்தளை வைத்து ஒட்டு மறைத்திருப்பார்கள். இத்தாலியின் பெடர்சோலி அதைவிடப் பல படி மேல், விலையும் மேல். சுட்டுப் பழகப் போதும். ஆனால் பெடர்சோலிக்குக் கொடுக்கும் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால், பாகங்களை வாங்கி நாமே சேர்த்து முடிக்கும் கிட் வந்துவிடும் என்பதால், கைவேலை ஆசை உள்ளவர் அங்கே நிற்கத் தேவையில்லை.

அப்படி என்ன பெரிய வித்தியாசம்? மூன்று இடங்களில் தெரியும். முதலாவது குழல். 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள், தங்கள் ஊரின் குட்டையான தடித்த யேகர் துப்பாக்கியை நீட்டி மெலியவைத்துத்தான் லாங் ரைஃபிள் என்ற இந்த நீளத் துப்பாக்கியை உருவாக்கினார்கள். அவர்களின் குழல் ஒரே தடிமனில் இருக்காது. அடியில் தடித்து, போகப்போக மெலிந்து, வாய்ப்பக்கம் திரும்பவும் லேசாக விரியும். 44 அங்குலக் குழல் கையில் கனக்காமல் நிற்பது இதனால்தான். தொழிற்சாலைக் குழலோ பெரும்பாலும் நேர்க்கம்பி. அரை மணி நேரம் தூக்கி நின்றால் இடது கை சொல்லிவிடும்.

இரண்டாவது, பொறி எழுப்பும் விசை அமைப்பான லாக். கல் வேகமாக வந்து ஃபிரிசன் என்ற எஃகுத் தகட்டைச் சுரண்டுகிறது. சுரண்டிய எஃகுத் துகள்கள்தான் பொறியாக எரிந்து, வெடிமருந்து வைத்த கிண்ணியில் விழுகின்றன. எரிவது கல் அல்ல, எஃகு. ஆகவே ஃபிரிசன் சரியான கடினத்தில் இல்லாவிட்டால் உலகத்திலேயே நல்ல கல்லை வைத்தாலும் புண்ணியமில்லை. மூன்றாவது, கிண்ணியிலிருந்து குழலுக்குள் நெருப்பு போகும் தீத்துளை. அது இருக்க வேண்டிய உயரத்தில் இருந்தால் விசையை இழுத்ததும் வெடிக்கும். கிண்ணியின் அடியில் தாழ்ந்துபோய் மருந்துக்குள் புதைந்திருந்தால், துளைக்குள் அடைந்த மருந்து திரி மாதிரி எரிந்து தீர்ந்தபிறகுதான் வெடிக்கும். "புஸ்ஸ்... டமால்". அந்த இடைவெளியில் மான் பக்கத்து மாவட்டத்துக்குப் போயிருக்கும்.

இனி மூன்று வழிகள்.

கிட் என்றால் இன்று பலரும் முதலில் சொல்லும் பெயர் ஒஹையோவின் ஜிம் கிப்ளர். கணினி இயந்திரத்தில் கட்டையைக் கடைந்து, லாக்கும் குழலும் அப்படியே உட்காரும்படி அனுப்புகிறார். உளியைத் தொட்டே பார்க்காதவரும் சில வார இறுதிகளில் முடித்துவிடலாம். நமக்கு விட்டிருப்பது தேய்ப்பு, மெருகு, நிறம்தான். வட கரோலைனாவின் ஜிம் சேம்பர்ஸ் பெயரில் வந்த கிட் வேறு ஜாதி. கட்டையில் பள்ளங்கள் பெரும்பாலும் எடுக்கப்பட்டிருக்கும். மிச்சத்தை நீங்கள் பாகங்களில் புகைக்கரி தடவி, கட்டையில் பதித்து, கறை பட்ட இடத்தை மட்டும் சுரண்டி, மறுபடி பதித்து... ஒரு குளிர்காலம் முழுவதும் போகும். அதில் கற்றுக்கொள்வது அதிகம், கெடுத்துக்கொள்ளவும் வாய்ப்பு அதிகம்.

கிப்ளர் கிட்டைச் "இயந்திரத்தில் அச்சடித்தது, இது கைவேலையா" என்று முகம் சுளிக்கும் பழைய ஆட்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. லாக்கும் தீத்துளையும் முதல் நாளே சரியாக இருப்பதுதான் முதல் துப்பாக்கிக்கு முக்கியம். ஒரே எச்சரிக்கை: அவருடைய சதர்ன் மவுன்டன் மாடல் மெலிந்து அழகாக இருக்கும், குழலின் உள்விட்டம் .32 அங்குலத்திலிருந்து .45 வரை வரும். பென்சில்வேனியா மான் பருவத்துக்கு .44க்குக் குறையக் கூடாது. அழகில் மயங்கி .40 வாங்கினால் அணில்தான் சுடலாம்.

இரண்டாவது வழி, ஏற்கெனவே ஒருவர் செய்து, வேறொருவர் வைத்திருந்த துப்பாக்கி. மின்னசோட்டாவின் டிராக் ஆஃப் தி வுல்ஃப் கடையில் இப்படி விற்பனைக்கு வைத்தவை எப்போதும் இருக்கும். ஆகஸ்டில் கென்டக்கியின் லெக்சிங்டனில் நடக்கும் லாங் ரைஃபிள் சங்கத்தின் கண்காட்சிக்குப் போனால் செய்தவரையே கண்ணெதிரே பார்க்கலாம். காத்திருப்பு இல்லை, தோளில் வைத்துப் பார்க்கலாம். புதிதாகச் செய்யச் சொன்னால் ஆகும் விலையைவிடக் குறைவாகவே பல நேரம் கிடைக்கும்.

நான் ஏமாந்ததும் இங்கேதான். ஒரு சந்தையில் பெயர் பொறிக்காத துப்பாக்கி. கட்டையில் கன்னம் படும் பக்கத்தில் செதுக்கிய சுருள் வேலையைப் பார்த்துச் சொக்கிப்போய் வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து லாக்கைக் கழற்றினால், மேலே சொன்ன தாழ்ந்த தீத்துளை. செதுக்கியவருக்குப் பூவேலை தெரிந்திருக்கிறது, நெருப்பு வேலை தெரியவில்லை. ஆகவே லாக்கைக் கழற்றிக் காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். அதற்கும் முன்னால், மருந்து கெட்டிக்கும் கோலைக் குழலுக்குள் விட்டு, குழலின் வாய் வரும் இடத்தில் கோலில் அடையாளம் வைத்து, வெளியே எடுத்து அளந்து பாருங்கள். தீத்துளை வரை எட்டவில்லை என்றால் உள்ளே மருந்தும் குண்டும் இருக்கலாம். பல வருடம் சுவரில் தொங்கிய துப்பாக்கி கெட்டித்தபடியே விலைக்கு வருவது அதிசயமில்லை.

மூன்றாவது, கலைஞரிடம் ஆர்டர். கனவு என்றால் இதுதான். மேப்பிள் மரத்தின் வரி முதல் கட்டையில் பதிக்கும் பித்தளைப் பெட்டியின் பூ வரை உங்கள் இஷ்டம். செதுக்கலும் பொறிப்பும் கூடக்கூட விலை சில ஆயிரத்திலிருந்து பத்தாயிரம் டாலர் தாண்டியும் போகும். காத்திருப்பு வருடக்கணக்கு. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் தயக்கம் வேறு: முதல் தடவை ஆர்டர் கொடுக்கிறவருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்றே தெரியாது. பென்சில்வேனியாவின் லீஹை வட்டாரப் பாணியில் வளைந்த கட்டையைப் படத்தில் பார்த்து மனம் பறிகொடுப்பார். அது தன் கழுத்துக்கும் கன்னத்துக்கும் ஒத்துவருமா என்பது நூறு முறை சுட்டால்தான் தெரியும். தோளில் படும் பின்தகடும் அப்படித்தான். ஆரம்ப காலத் துப்பாக்கிகளில் அகலமாகத் தட்டையாக இருந்தது, பிற்காலத்தில் பிறை போலக் குறுகி வளைந்தது. பார்க்கப் பிறைதான் அழகு. .54 குண்டுக்கு மருந்து நிறையப் போட்டுச் சுட்டால் அந்தப் பிறையின் முனை தோளில் இறங்கும்போது அழகு மறந்துபோகும். இதெல்லாம் தெரியாமல் ஆர்டர் கொடுத்தால், நம் அறியாமையை ஒரு பெரிய கலைஞர் மிக அழகாக மேப்பிளில் செதுக்கிக் கொடுத்துவிடுவார்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் 1968 கூட்டாட்சிச் சட்டத்தில் ஃபிளின்ட்லாக் பழமைத் துப்பாக்கிக் கணக்கில் வருகிறது, பெரும்பாலான மாநிலங்களில் வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். நியூ ஜெர்சியில் அப்படி இல்லை. ஊரில் இருக்கும் நண்பர்கள் கேட்பதால் சொல்கிறேன்: இந்தியாவில் வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும்.

மருந்தும் கவனிக்க வேண்டியது. பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகளுக்குத் தீப்பற்ற அதிக வெப்பம் வேண்டும் என்பதால் ஃபிளின்ட்லாக்கில் ஏமாற்றும். அசல் கருமருந்துதான் சரி. உங்கள் ஊரில் அது கிடைக்குமா என்று துப்பாக்கிக்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

கடைசியில் நான் .45 கிட்டைத்தான் எடுத்தேன். இரும்பு கரைத்த நைட்ரிக் அமிலத்தைக் கட்டையில் தடவி, மேலே சூட்டைக் காட்டினால் பச்சைப் பழுப்பாக இருந்த மரம் கண்முன்னே சிவந்து, வரிகள் எழும்பி வரும். அதைப் பார்க்க என் பெண் பள்ளிக்கு லீவு போட்டாள். ஆர்டர் பட்டியலில் பெயர் கொடுப்பது அடுத்த ஆகஸ்டில், லெக்சிங்டனில் பத்துப் பதினைந்து பின்தகடுகளைத் தோளில் வைத்துப் பார்த்த பிறகு.