ஃபாக்ஸ்டெயில் ஆர்க்கிட் என்று விற்கிறார்கள், பணம் போடுமுன் இதைப் படியுங்கள்

"நர்சரியில் வளர்த்த ஃபாக்ஸ்டெயில், வெயில் தாங்கும், இந்த வருடமே பூக்கும்" என்று ஆன்லைனில் ஒரு விளம்பரம். அஸ்ஸாமில் பிஹு ஆடும் பெண்கள் கொண்டையில் செருகுவார்களே, வெள்ளையில் ரோஸ் புள்ளி போட்டு வால் மாதிரி தொங்கும் பூ, அதன் படம். 850 ரூபாய், முழுப் பணமும் முதலிலேயே.

பார்சலைப் பிரித்ததுமே சந்தேகம் வந்தது. வேர்கள் ஒரு பக்கம் தட்டையாக, மரப்பட்டைச் சில்லு ஒட்டியபடி, நுனியெல்லாம் பிய்ந்து கிடந்தன. நர்சரிச் செடி என்றால் வேர் உருண்டையாக, கூடையைச் சுற்றிப் பின்னிக்கொண்டிருக்கும். இதை ஏதோ மரத்திலிருந்து பெயர்த்திருக்கிறார்கள். காப்புக்காட்டில் எடுத்திருந்தால் அது குற்றம், சொல்லி வைக்கிறேன்.

செடியும் ஃபாக்ஸ்டெயில் இல்லை, வாண்டா டெஸ்ஸலாட்டா என்ற வேறொரு ஆர்க்கிட். பூ இல்லாதபோது இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும், ஆனால் ஃபாக்ஸ்டெயில் இலை தடிமனாக, நீளவாக்கில் வெளிறிய கோடுகளோடு இருக்கும். எனக்கு வந்ததோ ஒடுங்கி, நடுவில் மடிந்து, நுனியை எதுவோ கடித்தது போல ஏறுக்கு மாறான பற்களோடு இருந்தது. நம் ஊர் மாமரத்திலேயே தொற்றி வளரும் வாண்டாதான் இது. பூத்தபோது சந்தேகமே இல்லை, மஞ்சள் கலந்த பழுப்பில் கட்டம் கட்டமாகக் கோடு, ஊதா உதடு, நல்ல வாசனை. அழகுதான், ஆனால் நான் காசு கொடுத்தது இதற்கு இல்லையே! விற்றவரைக் கேட்டால், "மலைச்செடி சார், கீழே வந்தால் கலர் மாறும்" என்கிறார்.

கூடவே வந்த துண்டுச்சீட்டு இன்னும் மோசம். செம்மண், தொழுவுரம் கலந்து தொட்டியில் நட்டு தினமும் தண்ணீர் விடச் சொல்கிறது. மரத்தில் தொற்றி வாழும் செடிக்கு இது நேராக வேர் அழுகல். மரக்கட்டையிலோ மரக்கிளையிலோ தேங்காய் நாரால் கட்டி, காலை வெயில் படும்படி விட்டால் போதும். நனைத்தால் வெள்ளி நிற வேர் பச்சையாகும், அதுதான் அளவு, சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட வேண்டும்.

அப்புறம் அதே ஆள் "நீல ஆர்க்கிட் விதை" பாக்கெட்டும் விற்கிறார், கடுகு சைஸில். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், அதற்குள் உணவுச் சேமிப்பே கிடையாது, பூஞ்சையின் துணையோ ஆய்வகக் குப்பியோ இல்லாமல் முளைக்காது.

பணம் கேட்டதும் பிளாக் செய்துவிட்டார். இப்போது வேறு எண்ணில் அதே படம் ஓடுகிறது, "கடைசி 10 செடிகள்" என்று. வேரையும் இலை நுனியையும் கிட்டத்தில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள்.