ஊதா லிங்க்குக்கு மூன்று வைத்தியம்

பார்த்த பக்கத்தின் லிங்க் ஊதா, பார்க்காதது நீலம். இந்தச் சின்ன வசதிக்குள் பெரிய ஓட்டை இருந்தது. ஒரு தளம் கண்ணில் படாமல் ஆயிரக்கணக்கான லிங்குகளைக் கொட்டி, ஒவ்வொன்றும் என்ன நிறம் என்று ஜாவாஸ்கிரிப்ட் (பக்கத்துக்குள் ஓடும் நிரல்) வழியாகப் பிரவுசரிடமே கேட்டால் போதும், நீங்கள் எங்கெல்லாம் போய்வந்தீர்கள் என்பது அம்பலம். எபிக் மார்க்கெட்பிளேஸ் என்ற விளம்பர நிறுவனம் 54,000-க்கும் மேற்பட்ட தளங்களை இப்படி நோட்டம் விட்டது. குழந்தையின்மை, கடன் தொல்லை பற்றிய பக்கங்களும் அதில் அடக்கம். 2012 டிசம்பரில்தான் அமெரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான எஃப்டிசி கடிவாளம் போட்டது.

முதல் வைத்தியம், பொய் சொல்வது. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரை உருவாக்கும் மொசில்லாவின் டேவிட் பேரன் 2010-ல் கொண்டுவந்த வழி இது. ஸ்கிரிப்ட் எந்த லிங்கைப் பற்றிக் கேட்டாலும் 'பார்க்காதது' என்றே பிரவுசர் சாதிக்கும். மற்ற பிரவுசர்களும் இதையே பிடித்துக்கொண்டன. சரி, பிரவுசர் பொய் சொல்லும்; நீங்கள் சொல்வீர்களா? நீங்கள் மனிதர்தானா என்று சோதிக்க எழுத்துகளை டைப் செய்யச் சொல்லும் கேப்சா மாதிரி ஒரு கட்டம். அதில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு லிங்க். போகாத தளத்தின் எழுத்து பின்னணி நிறத்தில் கரைந்துவிடும். போன தளத்தின் எழுத்து பளிச்சென்று தெரியும். தெரிவதை நீங்களே டைப் செய்து கொடுத்துவிடுவீர்கள். 2011-லேயே ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். லிங்கைத் திரையில் மறுபடி வரைய ஆகும் நேரத்தை அளந்து பிடிப்பது இன்னொரு வழி.

இரண்டாவது, 2025 ஏப்ரலில் வந்த, கூகுளின் குரோம் பிரவுசரின் 136-ம் பதிப்பு செய்தது. ஊதா இனி ஊருக்கெல்லாம் பொது இல்லை. கூகுள் தேடலில் கிளிக் செய்து விக்கிப்பீடியா கட்டுரைக்குப் போனால் கூகுளிலும் விக்கிப்பீடியாவிலும் மட்டும் ஊதா. வேறு தளத்தில் அதே லிங்க் நீலமாகவே நிற்கும். அந்தத் தளத்துக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் நிறமும் சொல்கிறது, அதனால் பொய்க்குத் தேவையே குறைந்துவிட்டது. விளம்பரத்தில் சம்பாதிக்கும் கம்பெனி இதில் முந்திக்கொண்டது வேடிக்கைதான்.

மூன்றாவது, ஊதாவையே ஒழிப்பது. ஃபயர்ஃபாக்ஸின் உள் அமைப்புகளை மாற்றும் அபவுட் கான்ஃபிக் பக்கத்தில் அதற்கென ஒரு வரி உண்டு. ஃபால்ஸ் ஆக்கினால் எல்லாம் நீலம். இருபது தேடல் முடிவுகளில் எதைப் படித்தோம் என்று தடுமாறுபவருக்கு இது தண்டனை.

என் ஓட்டு குரோம் வழிக்கு. அட்ரஸ் பாரில் நேராக டைப் செய்து போன பக்கம் பிற தளங்களில் ஊதா ஆகாது, அவ்வளவுதான். அதைப் பிரவுசர் கெட்டுவிட்டதாக நினைத்து ஹிஸ்டரியை அழித்துவிடாதீர்கள்.