டவுன்ஹால் ரோட்டுச் சந்தில் கிடைத்த மிரியம் மகேபா

டவுன்ஹால் ரோட்டில் இருந்து பிரியும் ஒரு சந்தில் பழைய இசைத்தட்டு விற்கிற சின்னக் கடை, வாசலில் பலகை கூடக் கிடையாது. இளையராஜா தட்டு தேடிப் போனேன், வாங்கி வந்தது தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மகேபாவை. 600 ரூபாய். அட்டை ஓரமெல்லாம் செல்லரித்திருக்கிறது, இரண்டாம் பக்கத்தில் ஒரு கீறலும் உண்டு, அந்த இடம் வந்தால் ஊசி துள்ளுகிறது. கடைக்காரர் எதையும் மறைக்கவில்லை. "போட்டுக் கேளுங்கண்ணே, பிடிச்சா எடுங்க" என்று மஞ்சள் துணியால் தட்டைத் துடைத்து அவரே ஓடவிட்டார். இதற்காகவே அங்கே போகலாம்.

தென்னாப்பிரிக்க மொழிகளில் ஒன்றான கோசாவில் ஒரு பாட்டு வந்ததும் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். வண்டிமாட்டை ஓட்டும்போது நாக்கை மேலண்ணத்தில் வைத்து 'டக்' என்று சொடுக்குவோமே, அந்த ஒலி அவர்களுக்கு ஓர் எழுத்து. அதைச் சொல்லுக்கு நடுவே வைத்து, தாளம் பிசகாமல், சிரித்த குரலிலேயே பாடிக்கொண்டு போகிறார்.

இந்தக் குரலைத்தான் அவர் நாட்டு வெள்ளையர் அரசு தடை செய்தது. 1932இல் பிறந்தவர், பிறந்த 18ஆம் நாளே ஜெயில். வீட்டில் பீர் காய்ச்சி விற்றதாக அம்மாவுக்கு ஆறு மாதத் தண்டனை, கைக்குழந்தையும் கூடவே உள்ளே போனது. 1950களில் மன்ஹாட்டன் பிரதர்ஸ் என்ற ஜாஸ் குழுவில் பாடிப் பெயர் வாங்கி, 1959இல் வெளிநாடு போனார். மறுவருடம் அம்மா இறந்த செய்தி வந்து ஊருக்குக் கிளம்பினால், பாஸ்போர்ட் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். நம்ம பக்கம் மகள் வந்து முகம் பார்க்கட்டும் என்று ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருப்போம், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி கூட மாலையோடு வந்து நிற்பான், அந்த அம்மாவுக்கு அது இல்லாமல் போனதை என்னால் தாங்க முடியவில்லை.

1963இல் ஐ.நா. சபையில் நிறவெறிக்கு எதிராகப் பேசினார். குடியுரிமையைப் பறித்து, அவர் தட்டுகளையும் தடை செய்தார்கள். 1967இல் அமெரிக்காவே அவருடைய 'பாட்டா பாட்டா' பாட்டுக்கு ஆடியபோதும் அவர் சொந்த ஊருக்குப் போக வழியில்லை. மண்டேலா விடுதலையான 1990இல்தான் திரும்பினார், 31 வருடம் கழித்து. அதற்கப்புறமும் ஓயவில்லை, 2008இல், 76 வயதில், இத்தாலியில் மாஃபியாவை எதிர்த்து நடந்த கச்சேரியில் பாடி முடித்ததும் மயங்கி விழுந்து இறந்துபோனார்.

சரி, கடைக்கு வருகிறேன். வலது பக்கம் கீழ்த்தட்டில், ஆங்கிலத் தட்டுகளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு ஆப்பிரிக்கத் தட்டுகள் இருந்தன. பணமாகக் கொண்டு போங்கள், ஜிபே கிடையாது.