முதல் பதிப்பு என்று விற்கப்படும் பழைய எல்பி இசைத்தட்டுகள்: ஓர் எச்சரிக்கை

1960களின் இறுதியிலும் 1970களிலும் வெளியான நாட்டார் இசை, ராக், பரிசோதனை இசைத்தட்டுகளைத் தேடிச் சேகரிப்பவர்கள், இணையத்தில் முன்பின் அறியாத விற்பனையாளரிடம் பணம் செலுத்துவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் வாங்கியது, ஆங்கிலேய நாட்டார் இசைப் பாடகர் நிக் டிரேக்கின் 1969ஆம் ஆண்டு ஆல்பமான 'ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்'. அதை வெளியிட்ட ஐலண்ட் நிறுவனம் அப்போது பயன்படுத்திய முழு இளஞ்சிவப்பு லேபிளுடன் (தட்டின் நடுவில் ஒட்டிய வட்டத் தாள்) கூடிய முதல் பதிப்பு என்றும், தரம் 'நியர் மிண்ட்', அதாவது ஏறக்குறைய புதிது, என்றும் விளம்பரம் சொன்னது. படங்களும் அதையே காட்டின. வந்து சேர்ந்த உறை பழையதுதான், அதில் குறையில்லை. உள்ளே இருந்த தட்டிலோ, 1970 முதல் அந்த நிறுவனம் பயன்படுத்தத் தொடங்கிய, தென்னைமரப் படமும் இளஞ்சிவப்பு விளிம்பும் கொண்ட லேபிள் ஒட்டப்பட்டிருந்தது. அதாவது, முதல் பதிப்பின் உறைக்குள் பிற்கால மறுபதிப்பைச் செருகி, முதல் பதிப்பின் விலைக்கே விற்றிருக்கிறார்கள்.

விற்பனையாளரிடம் கேட்டதற்கு, "பட்டியல் எண் இரண்டிலும் ஒன்றுதானே" என்று பதில் வந்தது. பட்டியல் எண் என்பது ஓர் ஆல்பத்துக்கு நிறுவனம் தரும் அடையாள எண். எண் ஒன்றுதான், ஆனால் மறுபதிப்புகளிலும் அதே எண்ணையே அச்சிடுவது நிறுவனங்களின் வழக்கம் என்பதால், அது எதையும் நிரூபிக்காது. லேபிளின் வடிவமும், பாடல்கள் முடிந்தபின் லேபிளைச் சுற்றியுள்ள வெற்றுப் பகுதியில் பொறித்திருக்கும், தட்டை வார்த்த அச்சைக் குறிக்கும் மேட்ரிக்ஸ் எண்ணும்தான் ஒரு தட்டு எந்தக் காலத்தது என்பதைச் சொல்லும்.

தரத்தைப் பற்றிச் சொன்னதும் பொய். நடுத்துளையைச் சுற்றி, லேபிளின் மேல், இசைத்தட்டுக் கருவியின் சுழல்தண்டு உரசிய மெல்லிய கோடுகள் நிறைந்திருந்தன. பலமுறை ஓடிய தட்டில்தான் அவ்வளவு கோடுகள் விழும். மின்கிதார் முழங்கும் ராக் ஆல்பத்தில் சிறு பொரிச்சத்தம் இசைக்குள் அமிழ்ந்துவிடும். தனிக் கிதாரும் மெல்லிய குரலும் மட்டுமே ஒலிக்கும் இடங்களில் அது ஒவ்வொன்றாகக் காதில் விழுகிறது, அதிலும் பக்கத்தின் கடைசிப் பாடலில் குரலே கரகரத்துப் போகிறது. கண்ணால் பார்த்து மட்டும் தரம் குறித்த தட்டுகளை நம்ப முடியாது என்பதனால்தான், நாட்டார் இசை வாங்குகிறவர்கள் ஓட்டிப் பார்த்துத் தரம் குறித்தார்களா என்று கேட்டாக வேண்டும்.

நல்ல மறுபதிப்பை மறுபதிப்பு என்று சொல்லி விற்பவரிடம் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்களால்தான் பலருக்கு இந்த இசையே கிடைக்கிறது. இவரோ, தட்டை நானே மாற்றிவிட்டதாகக் குற்றம் சாட்டினார். விளம்பரப் படத்தில் லேபிளின் ஓரத்தில் முந்தைய உரிமையாளர் பேனாவால் எழுதிய முதலெழுத்துகள் தெரிந்தன. என்னிடம் வந்த தட்டின் லேபிளில் பேனா பட்ட தடமே இல்லை. இதைக் காட்டியதும் விளம்பரத்தையே நீக்கிவிட்டார். நான் சேமித்துவைத்திருந்த படங்களைக் கொண்டு விற்பனை நடந்த இணையதளத்திடம் முறையிட்டும், நீண்ட இழுபறிக்குப் பின் பணத்தில் ஒரு பகுதிதான் திரும்பியது.

அதே பேனா எழுத்துகளுடன் அதே படங்கள் இப்போது வேறு கணக்கில் மறுபடியும் விற்பனைக்கு வந்திருக்கின்றன. வாங்க நினைப்பவர்கள், அன்றைய தேதி எழுதிய தாளை அருகில் வைத்து தட்டின் இரு பக்க லேபிள்களையும் மேட்ரிக்ஸ் எண்களையும் புதிதாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் பணம் அனுப்பாதீர்கள்.