கல்வியியற் கல்லூரியா, கலைப்பீடமா? உடைந்துபோகிற நாளை வைத்து ஓர் அலசல்

உயர்தரப் பெறுபேறு வந்தால் எங்கள் ஒழுங்கையில் ஒரு கேள்வி தவறாமல் வரும். இந்த முறை கேட்டது நாலு வீடு தள்ளி இருக்கும் அக்கா. மகளுக்குக் கலைப்பிரிவில் நல்ல பெறுபேறு. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளியை வைத்துப் பார்த்தால் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடம் கிடைக்கும் போலிருக்கிறது. ஆசிரியர்களைப் பயிற்றுகிற கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பம் கேட்டு வர்த்தமானி வந்தால் அதற்கும் போடலாம். "ரீச்சர், எதுக்கு விடுறது?" பிள்ளை ஆசிரியையாக வரவேண்டும் என்பதில் தாய்க்கும் மகளுக்கும் சந்தேகமே இல்லை. வழிதான் இரண்டு.

எனக்கும் ஒரு காலத்தில் இரண்டு கடிதமும் கைக்கு வந்தன. நான் கல்வியியற் கல்லூரிக்குப் போனேன். என் வயதுதான் மச்சாளுக்கும். அவள் கலைப்பீடத்துக்குப் போனாள். இன்று இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில்தான் நிற்கிறோம். ஆகவே நான் நடுவர் இல்லை. என் தெரிவை நியாயப்படுத்துகிற ஆசை எனக்கு உண்டு என்பதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

முதலில் ஒரு குழப்பம். கோப்பாயில் ஆசிரிய கலாசாலையும் இருக்கிறது, தேசிய கல்வியியற் கல்லூரியும் இருக்கிறது. பலர் இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். கலாசாலை, ஏற்கெனவே படிப்பித்துக்கொண்டிருக்கிற, பயிற்சி பெறாத ஆசிரியர்களுக்கானது. உயர்தரம் முடித்த பிள்ளை போவது 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தோடு வந்த கல்வியியற் கல்லூரிகளுக்கு. இரண்டு வருடம் விடுதியோடு படிப்பு, மூன்றாம் வருடம் ஒரு பாடசாலையில் படிப்பித்துப் பழகுகிற கட்டுறு பயில்வு, முடிவில் தேசிய கற்பித்தல் டிப்ளோமா. வடக்கில் யாழ்ப்பாணத்தில் ஒன்று, வவுனியாவில் ஒன்று. நான் எதில் படித்தேன் என்று சொல்லப்போவதில்லை. கீழே சில குறைகளும் வரும்.

எல்லோரும் பேசுகிற மூன்று விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். காசு: கல்லூரியில் ஆசிரிய மாணவர்களுக்கு மாதாந்தக் கொடுப்பனவு உண்டு, பெரும்பகுதி சாப்பாட்டுக்கே போய்விடும். பல்கலைக்கழகத்தில் மகாபொல புலமைப்பரிசில் அல்லது பேர்சரி என்ற உதவித்தொகை, அதுவும் கிடைத்தால். வேலை: டிப்ளோமா முடித்தவர்களுக்கு நியமனம் அநேகமாக நேராக வரும். பட்டதாரிகளின் கதை வேறு. 2017இல் யாழ் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்ததை நாங்கள் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்த்தோம். தகைமை: பட்டதாரி ஆசிரியர் சேவைக்குள் வரும்போதே எங்களைவிட மேலே நிற்பார், சம்பளமும் அப்படியே. டிப்ளோமாவோடு வந்தவர்கள் பிறகு தேசிய கல்வி நிறுவகத்திலோ திறந்த பல்கலைக்கழகத்திலோ பட்டம் எடுக்கலாம். சனி ஞாயிறுகள் அதற்குள் போய்விடும். இந்த மூன்றை வைத்துத்தான் வீடுகளில் முடிவு எடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் எடுத்தேன். ஆனால் இன்று திரும்பிப் பார்த்தால் என்னைத் தாங்கியது இவை ஒன்றுமே இல்லை.

பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளை வீட்டைவிட்டுப் போகிறது. ஒரு நாள் உடைந்துபோகும். காதலோ, வீட்டுக் கஷ்டமோ, படிப்பு ஏறாததோ ஏதோ ஒன்று. அந்த நாளில் யார் கவனிப்பார்? நான் ஒப்பிட விரும்புவது இதை மட்டும்தான்.

எனக்கு அந்த நாள் முதலாம் வருடக் கற்பித்தல் பயிற்சியில் வந்தது. தரம் மூன்று. பாடக்குறிப்பு சுத்தமாக எழுதி, மட்டை வெட்டி ஒட்டி, எல்லாம் தயார். வகுப்பறைக்குள் போய்ச் சோக்கை எடுத்ததும் குரல் வரவில்லை. பிள்ளைகள் என்னைப் பார்க்கிறார்கள், நான் கரும்பலகையைப் பார்க்கிறேன். பின் வாங்கில் மேற்பார்வைக்கு வந்த விரிவுரையாளர். நாற்பது நிமிடத்தில் பத்து நிமிடம்கூட நான் படிப்பித்திருக்க மாட்டேன்.

பாடம் முடிந்து வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார். கோவையைத் திறந்து சிவப்புப் பேனையால் கிழிக்கப்போகிறார் என்று நின்றேன். அவர் திறக்கவே இல்லை. "காலமை சாப்பிட்டனீரோ?" என்று கேட்டார். நான் "ஓம் மேடம்" என்றேன். "இல்லை. நேற்று இரவும் நீர் சாப்பாட்டு மண்டபத்துக்கு வரேல்லை." அவ்வளவுதான், அழுகை வந்துவிட்டது. அப்பாவைப் பெரியாஸ்பத்திரியில் அனுமதித்து மூன்று நாள். வீட்டில் தம்பி மட்டும். நான் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை.

அன்று பின்னேரமே விடுதிப் பொறுப்பாளரிடம் பேசி எனக்கு இரண்டு நாள் லீவு எடுத்துத் தந்தார். திரும்பி வந்தபோது அடுத்த பாடத்துக்கான கற்பித்தல் சாதனங்களை அறைத் தோழிகள் இரண்டு பேர் செய்து கட்டிலில் வைத்திருந்தார்கள். அந்தப் பாடத்தை மறுபடி செய்ய இன்னொரு நாள் கிடைத்தது. நான் எந்தக் கதவையும் தட்டவில்லை. ஒரு படிவமும் நிரப்பவில்லை.

மச்சாளின் நாள் இரண்டாம் வருடத்தில் வந்தது. ஒரு செமஸ்டரில் இரண்டு பாடம் விழுந்துபோனது. பெறுபேறு ஒட்டும் வரைக்கும் அவள் விரிவுரைக்கே போகாமல் இருந்தது ஒருவருக்கும் தெரியாது. வாடகை அறையில் இருந்தாள். அங்கே உதவி இல்லை என்று சொன்னால் அது பொய். மாணவர் ஆலோசகராக ஒரு விரிவுரையாளர் இருந்தார், மருத்துவ நிலையம் இருந்தது, தொழில் வழிகாட்டல் அலகு இருந்தது. தாளில் எழுதிப் பார்த்தால் எங்கள் கல்லூரியில் இருந்ததைவிட அதிகம். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு கதவு, கதவில் ஒரு நேரம். மச்சாள் அந்த ஆலோசகரிடம் இரண்டு தரம் போனாளாம். இரண்டு தரமும் அவர் விரிவுரையில். மூன்றாம் தரம் போகவில்லை. "மனம் சரியில்லாத ஆளுக்கு மூன்றாம் தரம் போற மனம் எங்க இருந்து வரும்?" என்று பிறகு கேட்டாள். அடுத்த வருடம் ஒரு சிநேகிதி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனபோது அதே ஆலோசகர் நன்றாக உதவி செய்திருக்கிறார். பேர்சரிக்கும் அவர்தான் வழி பண்ணினார்.

எங்கள் பக்கத்தில் கவுன்சிலிங்கிற்கு ஆற்றுப்படுத்தல் என்று சொல்வோம். எனக்குப் பிடித்த சொல். பழைய ஆற்றுப்படைப் பாட்டுகளில் பரிசில் வாங்கித் திரும்புகிற பாணன், எதிரே பசியோடு வருகிறவனை மறித்து, இந்த வழியால் போ, இன்னாரைப் பார் என்று சொல்வான். அங்கே பசித்தவன் உதவி கேட்டு ஒரு கதவையும் தட்டுவதில்லை. பெற்றவன்தான் மறித்துச் சொல்கிறான். விடுதியோடு கூடிய கல்லூரி இந்த மறித்தலைச் சும்மா, தன் அமைப்பினாலேயே செய்துவிடுகிறது. ஆட்கள் குறைவு, ஒரே சாப்பாட்டு மண்டபம், ஒரே காலைக்கூட்டம். ஒரு தட்டுக் குறைந்தால் தெரிந்துவிடும். கல்வி உளவியலும் ஆலோசனை வழிகாட்டலும் எங்களுக்குப் பாடங்களாகவும் இருந்தன. பரீட்சைக்குப் படித்ததை விடுதியிலேயே ஒருவரில் ஒருவர் பழகினோம்.

இதற்கு விலை உண்டு, அதை மறைக்கக்கூடாது. உங்களைத் தேற்றுகிற அதே ஆள்தான் உங்களுக்குப் புள்ளியும் போடுகிறார். எனக்கு வேப்பமரத்தடி வாய்த்தது. என் அணியில் ஒரு பிள்ளை நம்பி ஒரு விரிவுரையாளரிடம் சொன்ன குடும்ப விஷயம் ஒரு கிழமைக்குள் விரிவுரையாளர் அறை முழுக்கத் தெரிந்துபோனது. அதன் பிறகு அந்தப் பிள்ளை யாரிடமும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் எல்லோரையும் பார்க்கிற இடத்தில் ஒளிந்து அழ ஒரு மூலை கிடையாது. அப்படியான விஷயத்துக்கு வெளியே போவதுதான் புத்தி: 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் சாந்திகம் போல ஆற்றுப்படுத்தலுக்கென்றே உள்ள நிறுவனம் இருக்கிறது. இதை முதல் நாளே யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று, மூன்றாம் வருடம். கட்டுறு பயில்வுக்குப் பாடசாலைக்கு அனுப்பினதோடு அந்தச் சாப்பாட்டு மண்டபம் போய்விடும். மேற்பார்வைக்கு இடைக்கிடை வருவார்கள், அவ்வளவுதான். அதிபர் நல்லவராக வாய்த்தால் சரி. எனக்கு வாய்த்தார். வாய்க்காதவர்களின் கதை எனக்குப் பாதிதான் தெரியும்.

ஆளுமை வளர்ச்சி என்று எடுத்தால் என் பக்கம் கொஞ்சம் சரிகிறது. கல்லூரியில் அது மணி அடித்து வரும். காலையில் எழும்பு, சிரமதானம் செய், காலைக்கூட்டத்தில் பேசு, விழாவுக்குக் கோலம் போடு, சிங்களம் படி. மேடையில் நடுங்கின நான் இரண்டு வருடத்தில் நடுங்காமல் பேசப் பழகினேன். பேசாமல் தப்ப வழியே இல்லை. இணைப்பாடவிதானத்தையும் மதிப்பிடுவார்கள் அல்லவா! ஆனால் எனக்கென்று ஒரு பின்னேரம் இருந்ததாக ஞாபகம் இல்லை. மச்சாளுக்கு அது நிறைய இருந்தது. நூலகத்தில் உட்கார்ந்து பாடத்துக்குத் தேவையே இல்லாத புத்தகங்களை வாசித்தாள், நாடகம் போட்டாள், சண்டை பிடித்தாள். இன்றைக்கும் வலயக் கல்வி அலுவலகத்தில் ஒரு விஷயம் பேசப் போகவேண்டுமென்றால் நான் அவளைத்தான் கூட்டிக்கொண்டு போவேன். நான் "சரி சேர்" என்று வந்துவிடுவேன். அவள் சுற்றறிக்கையைக் கேட்பாள்.

பகிடிவதை பற்றி ஒரு வரி. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவனங்களில் அதைக் குற்றமாக்கி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இரண்டு இடத்திலும் அதன் நிழல் இருந்தது. பல்கலைக்கழகத்தில் பெரிதாக, எங்களிடம் "மூத்த அணிக்கு மரியாதை" என்ற பெயரில் சின்னதாக.

பல்கலைக்கழகம் பற்றி நான் சொன்னதெல்லாம் ஒரு மச்சாளின், ஒரு பீடத்தின், ஒரு காலத்தின் கதை. விஞ்ஞானபீடப் பிள்ளைகள் வேறு கதை சொல்லக்கூடும்.

ஒழுங்கை அக்காவுக்கு நான் சொன்னது இதுதான். உங்கள் பிள்ளையை எனக்கு ஐந்தாம் வகுப்பிலிருந்து தெரியும். கை வலித்தாலும் சொல்லாது. தானாகப் போய்க் கதவு தட்டுகிற பிள்ளை இல்லை. கல்வியியற் கல்லூரிக்கு விடுங்கோ. பட்டத்தைப் பிறகு எடுக்கலாம். அவ தலையாட்டினா, ஆனால் "கம்பஸ்" என்ற சொல்லில் அவவுக்கு இருக்கிற ஆசை முகத்தில் தெரிந்தது. பிள்ளை ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "விடுதியில ஒரு அறைக்கு எத்தினை பேர், ரீச்சர்?"

நேற்று இதை மச்சாளுக்கு வாசித்துக் காட்டினேன். மூன்றாம் தரம் போகாத கதை வந்தபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: "சம்பளத்தில நான் உன்னைவிட மேல தொடங்கினதை எழுதினியோ?"

"எழுதிட்டனடி."

"அப்ப சரி, போடு."