நானே அசெம்பிள் செய்த கணினி: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

2017இல் முதல் தலைமுறை ரைசன் பிராசசர்கள் வந்த கையோடு, பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நானே அசெம்பிள் செய்த கணினிதான் இன்றும் என் மேசையில் ஓடுகிறது. கேபினெட்டும் மதர்போர்டும் மட்டுமே பழையவை. மற்றவை தேவைப்பட்டபோது ஒவ்வொன்றாக மாறிவிட்டன. அசெம்பிள் செய்யும் அன்று மிச்சமாகும் பணம் சிறிய லாபம்தான். பெட்டிக்குள் எது எங்கே இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறதே, அதன் பலன் ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது.

இந்தக் கணினிக்கு ஆயுளைக் கூட்டியது, மதர்போர்டில் பிராசசர் அமரும் ஏஎம்4 சாக்கெட். 2022இல் ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனம் தொடக்க கால 300 வரிசை மதர்போர்டுகளிலும் ரைசன் 5000 பிராசசர்கள் இயங்க வழிசெய்தது. விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர்களின் பட்டியலில் முதல் தலைமுறை ரைசன் இல்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. பிராசசரை மட்டும் மாற்றியதில் என் சிக்கல் தீர்ந்தது. ஆனால் பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே, கணினியைத் தொடங்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். பழைய பயாஸுக்குப் புதிய பிராசசரை அடையாளம் தெரியாது. திரை இருண்டே கிடக்கும்.

அடுத்தது பிராசசரின் சூட்டைத் தணிக்கும் கூலரைக் கழற்றும் வேலை. மொத்த வேலையிலும் பொறுமை அதிகம் வேண்டிய இடம் இதுதான். ஏஎம்4 பிராசசரின் அடியில் மெல்லிய ஊசிகள் இருக்கும். சூட்டைக் கடத்த இரண்டுக்கும் நடுவே பூசிய தெர்மல் பேஸ்ட் ஆண்டுக்கணக்கில் காய்ந்து, பிராசசரைக் கூலரோடு இறுக்கிப் பிடித்திருக்கும். அப்படியே மேலே இழுத்தால், சாக்கெட்டின் நெம்புகோல் பூட்டியிருந்தாலும் பிராசசர் கூலரோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், ஊசிகள் வளையும். அதனால் கணினியைச் சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, மின் இணைப்பைத் துண்டித்தேன். திருகாணிகளைத் தளர்த்திய பின் கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகினேன். பேஸ்டின் பிடி விடுவது விரலுக்கே தெரியும். அதன் பிறகுதான் தூக்க வேண்டும். பழைய பேஸ்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, நடுவில் பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்தால் போதும். கூலர் அழுத்தும்போது அதுவே பரவிக்கொள்ளும்.

பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் என்னிடம் யோசனை கேட்டால், முதலில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் பாகம் இல்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டி போடச் சொல்வேன். சாட்டா என்ற இணைப்பு வகை எஸ்எஸ்டி நொடிக்கு 550 மெகாபைட் வரை படிக்கும். உண்மையில் அந்த எண்ணைவிட, தகவலைத் தேட ஹார்ட் டிஸ்க்கில் நகர்வதுபோல ஊசிமுனை நகர வேண்டிய அவசியமே இல்லாததுதான் வேகத்துக்குக் காரணம். மதர்போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 வகை எஸ்எஸ்டி வாங்குவோர், தங்கள் மதர்போர்டு ஏற்பது சாட்டாவா, அதைவிட வேகமான என்விஎம்இயா என்று கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்கவும். வடிவம் ஒன்றாகவே இருந்தாலும் எல்லா இடத்திலும் இரண்டும் வேலை செய்யாது.

ரேமைப் பொறுத்தவரை, நான்கு இடங்கள் உள்ள பெரும்பாலான மதர்போர்டுகளில் இரண்டு ரேம்களையும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் போட வேண்டும். ரேம் பெட்டியில் வேகம் 3200 என்று அச்சிட்டிருந்தாலும், அந்த வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி வசதியைப் பயாஸில் இயக்காதவரை அது பெரும்பாலும் 2133 அல்லது 2400 வேகத்திலேயே ஓடும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தைப் பயன்படுத்தாமலேயே பலர் ஆண்டுகளைக் கழிக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கைப்பழக்கத்தால் எனக்கு மனநிறைவு தருவது பழுது கண்டுபிடிப்பதுதான். என் சித்தப்பாவின் கணினியில் இணையதளங்கள் எதுவும் திறக்கவில்லை. தளம் உண்மையானது என்று காட்டும் சான்றிதழ் செல்லாது என்றே எச்சரிக்கை வந்தது. மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று ஒரு கடையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். திரையின் மூலையில் தேதி பல ஆண்டுகள் பின்னால் நின்றது. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் காசு பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரம் இல்லாதபோது கடிகாரம் நின்றுவிடும். தேதி தவறினால் சான்றிதழ்களை உலாவி ஏற்காது. பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்ததும் எல்லாம் திறந்தது. “இவ்வளவுதானாப்பா?” என்று அவர் கேட்டபோது எனக்குக் கோபமும் வந்தது, மகிழ்ச்சியும் வந்தது.

விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை என்றால் நான் பார்க்கும் முறையும் எளியதுதான். மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். பிறகு ரேமைக் கழற்றித் தொடுமுனைகளைத் துடைத்து, ஒற்றை ரேமோடு இயக்குவேன். அதிலும் வராவிட்டால், அவசியமில்லாத எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் சேர்ப்பேன்.

பவர் சப்ளை மாற்றும்போது பழைய கேபிள்களை விட்டுவைக்கக் கூடாது. கழற்றி மாட்டும் வகைக் கேபிள்களில், பவர் சப்ளை பக்கத்து முனையின் இணைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். செருகிப் பார்த்தால் பொருந்தும். ஆனால் டிஸ்க்கையே எரித்துவிடலாம். பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் நான் திறப்பதில்லை. இணைப்பைத் துண்டித்த பிறகும் உள்ளிருக்கும் மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். உப்பிய மடிக்கணினி பேட்டரியையும் அழுத்தவோ நெம்பவோ மாட்டேன். கணினியை அணைத்து, சார்ஜரை எடுத்துவிட்டு, சர்வீஸ் சென்டரில் ஒப்படைத்துவிடுவேன்.