இடப் பக்கம் பச்சை, வலப் பக்கம் நீலம்: காருக்குள் கலம்காரி, நான்கரை ஆண்டுகள்

போன வாரம் என் காரின் ஓட்டுநர் இருக்கை உறை கிழிந்தது. அதே நாள் மதியம், புதுக் கார் எடுத்திருக்கும் அலுவலகத் தோழி ஒருத்தி, "அக்கா, உங்கள் காரில் போட்டிருப்பதைப் போலவே எனக்கும் பூவேலைத் துணியில் உறை தைக்க வேண்டும். துணியை எங்கே எடுத்தீர்கள்?" என்று கேட்டாள். எரிச்சலில் இருந்த நான், "வேண்டாம், ரெக்சினே போட்டுக்கொள்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அவளுக்கு அதைவிட நல்ல பதில் தந்திருக்க வேண்டும் என்று இரவெல்லாம் உறுத்தியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2021 தைப் பொங்கலுக்கு அடுத்த வாரம் தைத்துப் போட்டது. கார் பழையது, சிறியது. இருக்கையோடு வந்த சாம்பல் நிறத் துணி அழுக்கேறிப்போயிருந்தது. புதுச்சேரியில் ஒரு கைத்தறிக் கடையில் மசூலிப்பட்டினத்து அச்சுக் கலம்காரியில் (இயற்கைச் சாயங்களைக் கொண்டு மர அச்சால் பூவேலை பதித்த பருத்தித் துணி) 12 மீட்டர், மீட்டர் 260 ரூபாய்க்கு எடுத்தேன். பழுப்பு வெள்ளைத் தளம், கறுப்புக் கோடு, சிவப்புப் பூ, பச்சை இலை, நடுநடுவே மயில். உள்ளே வைத்துத் தைக்கக் காடா துணி 540 ரூபாய், ஜிப், எலாஸ்டிக், ஒட்டுப்பட்டை எல்லாம் சேர்ந்து 340, தையற்கூலி 3,500. ஆக மொத்தம் 7,500 ரூபாய். தைத்தவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் சோபா, மெத்தை உறைகள் தைக்கும் ஒரு பாய். காருக்கு அதுவரை அவர் தைத்ததில்லை. இரண்டு முறை அளவெடுத்து, தலைசாய்ப்புக்குத் தனி உறை வைத்து, எல்லாவற்றையும் கழற்றித் துவைக்கும்படி தைத்துக் கொடுத்தார். அந்த ஒரு யோசனைக்காக அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நான் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு நாள்தோறும் போய்வருகிறவள். போக இருபத்தைந்து கிலோமீட்டர், வர இருபத்தைந்து. கத்திரி வெயிலில் திறந்த வெளியில் நிறுத்திய காருக்குள் ரெக்சின் இருக்கையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், புடைவையைத் தாண்டியும் தொடை சுடும். ஐந்து நிமிடத்தில் முதுகு நனைந்து உறையோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தித் துணி சுடாது. வியர்வையை வாங்கிக்கொள்ளும், வழியில் கிருமாம்பாக்கம் தாண்டுவதற்குள் உலர்ந்தும் விடும். இந்த ஒன்றுக்காகவே முதல் இரண்டு ஆண்டுகள் கண்டவரிடமெல்லாம் இதைப் புகழ்ந்துகொண்டிருந்தேன். காரில் ஏறும் குழந்தைகள் விரலால் கொடியைத் தடவிக்கொண்டே வருவார்கள். என் அம்மா இடப் பக்கம் உட்கார்ந்ததும் முதலில் மயிலைத் தேடுவார். சிறிய காருக்குள் ஒரு தோட்டம் இருப்பது மனத்துக்கு எவ்வளவு நல்லது என்பதை வேலை முடிந்து களைத்துப்போய்க் கதவைத் திறக்கும் ஒவ்வொரு மாலையும் உணர்ந்திருக்கிறேன்.

இனிக் குறைக்கு வருகிறேன். மூன்றாம் ஆண்டு ஒரு நாள், வீட்டு வாசலில் இரண்டு முன்கதவுகளையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். இடப் பக்க இருக்கையில் இலைகள் பச்சையாக இருந்தன. வலப் பக்க இருக்கையில் அதே இலைகள் நீலமாக இருந்தன. வெளுத்துப் பழுப்பேறிய நிறமாக இருந்திருந்தால் புரிந்திருக்கும். இது தெளிவான நீலம். ஒரே தானில் வெட்டிய துணி, ஒரே நாளில் தைத்தது, ஒரே வாளியில் துவைத்தது. யாரோ இரவில் வந்து ஓர் இருக்கையை மட்டும் மாற்றிவிட்டுப் போனாற்போல இருந்தது.

காரணம் புரியச் சில நாட்கள் ஆயின. காலையில் வடக்கு நோக்கிப் புதுச்சேரி போகும்போது கிழக்குச் சூரியன் எனக்கு வலப் பக்கம். மாலையில் தெற்கு நோக்கிக் கடலூர் திரும்பும்போது மேற்குச் சூரியன் எனக்கு மறுபடியும் வலப் பக்கம். போகும்போதும் வரும்போதும் ஓட்டுநர் இருக்கை மட்டுமே வெயில் வாங்குகிறது. இடப் பக்க இருக்கை இத்தனை ஆண்டும் நிழலிலேயே பயணம் செய்திருக்கிறது. முன்கண்ணாடி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. புற ஊதாக் கதிரைப் பெருமளவு தடுத்துவிடும். பல கார்களில் பக்கக் கண்ணாடி அப்படியில்லை. கறுப்புப் படலம் ஒட்டலாமே என்று சிலர் சொன்னார்கள். 2012-இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்த பிறகு அந்தப் பேச்சுக்கே நான் போவதில்லை.

சரி, வெயிலில் வெளுப்பது இயற்கை. ஏன் நீலமாக வெளுக்க வேண்டும்? இந்தத் துணியில் பச்சை என்று தனிச் சாயம் கிடையாது. அவுரி நீலத்தின் மேல் மஞ்சளை ஏற்றினால்தான் பச்சை. அந்த மஞ்சள் கடுக்காய்ப் பூவிலிருந்தோ மாதுளைத் தோலிலிருந்தோ வருவது. நீலம் வெயிலுக்கு ஓரளவு நின்று பிடிக்கும், மஞ்சள் பிடிக்காது. சாம்பாரில் பட்ட மஞ்சள் கறை சோப்புக்குப் போகாமல் மொட்டைமாடி வெயிலுக்குப் போவதை நம் வீடுகளில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். இதுவும் அதற்கு உறவுதான். என் இலைகளிலிருந்து மஞ்சள் மட்டும் கிளம்பிப் போய்விட்டது.

இதில் எனக்கு ஆற்றாமை தருவது என்னவென்றால், இது எங்கள் கரைக்குப் புதிய செய்தியே இல்லை. சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பூத்துணிகளுக்கு அங்கே அப்படி ஒரு மோகம் இருந்தது. உள்ளூர் நெசவாளர் பிழைப்புக் கெடுகிறது என்று பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அவற்றைத் தடை செய்தே வைத்திருந்தது. தடை இருந்த அந்தக் காலத்திலேயே, 1730-களில், புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஒருவர் சாயமேற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டை வெட்டிக் குறிப்போடு எடுத்துப் போனார். 1742-இல் பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் ஒருவர் அதே வேலையைக் கடிதமாக எழுதி அனுப்பினார். அன்று கப்பலேறிய துணிகள் இன்று வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றின் படங்களைப் பாருங்கள்: பல துணிகளில் கொடியின் இலைகள் நீலமாகத்தான் இருக்கும். வரைந்தவர் நீல இலை வரையவில்லை. மஞ்சள் போய்விட்டது. நெடுங்காலமாகத் தெரிந்த சங்கதியை, என்னிடம் 12 மீட்டர் விற்றவர் சொல்லவில்லை.

கடைக்காரர் விஷயத்தில் நியாயமாக இருக்கத்தான் பார்க்கிறேன். "எத்தனை முறை துவைத்தாலும் சாயம் போகாது, அம்மா" என்றார். அது உண்மைதான். பூந்திக்கொட்டை நீரில் இருபது முறையாவது துவைத்திருப்பேன், ஒரு சொட்டுச் சாயம் இறங்கவில்லை. சிவப்பு அன்று போல இன்றும் இருக்கிறது. படிகாரத்தைத் துணியில் பதித்து, பிறகு வேர்ச்சாயத்தில் கொதிக்க வைத்து எடுக்கும் சிவப்பு அது. நூலோடு நூலாகப் பிடித்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் அந்தச் சிவப்புக்கான இம்பூரல் வேரை இந்தக் கடலோர மணலில்தான் தோண்டி எடுத்தார்கள். ஆனால் துவைப்பதற்கு நிற்பது வேறு, வெயிலுக்கு நிற்பது வேறு. கார் இருக்கைக்குத்தான் கேட்கிறேன் என்று நான் இரண்டு முறை சொன்னேன். துணி விற்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு அந்த வேறுபாடு தெரியாமல் இருக்காது. "வெயில் படும் இடத்துக்குப் பச்சை வேண்டாம், அம்மா, சிவப்பும் கறுப்பும் எடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருடைய வியாபாரம் குறைந்திருக்காது.

அந்தக் கறுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் போன வாரம் கிழிந்தது அதில்தான். வண்டியில் ஏறி இறங்கும்போது உடம்பு உரசும் ஓரத்தில் மயிலின் கழுத்துக்கோடு பிளேடால் கீறினாற்போலப் பிளந்திருந்தது. பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். "உரசிக் கிழிந்தால் நூல் பஞ்சுபோலப் பிரியும், அம்மா. இது கறுப்புக் கோடு போன வழியிலேயே போயிருக்கிறது, பாருங்கள்" என்றார். அவர் சொன்னது சரி. துருப்பிடித்த இரும்பை வெல்லத்தோடு ஊறவைத்துத்தான் அந்தக் கறுப்பு எடுக்கிறார்கள். அந்த இரும்பு பருத்தி நூலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். ஈரமும் உப்புக்காற்றும் இருக்கிற ஊரில், நாள்தோறும் தேய்கிற இடத்தில், அந்தக் கோடு எத்தனை நாள் தாங்கும்?

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கதவின் உட்பக்கத்தில் பசை தடவி ஒட்டிய துணி முதல் சித்திரையிலேயே உரிந்து தொங்கியது, ஒட்டாதீர்கள். டாஷ்போர்டு மேல் விரித்த துணி முன்கண்ணாடியில் பூவாகப் பிரதிபலித்து, எதிரே சாலையே தெரியாமல் அடித்தது. ஒரே வாரத்தில் எடுத்துவிட்டேன். பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் விரித்த பவானி ஜமக்காளம் மட்டும் எதற்கும் அசையவில்லை. தேங்காய், மீன்கூடை, சிமெண்ட் மூட்டை எல்லாம் ஏற்றி இறக்கியாகிவிட்டது; உதறிப் போட்டால் புதிது.

கழற்றும்படி தைத்ததற்கு நன்றி என்று சொன்னேன் அல்லவா? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த ஓரிரு நாளில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரில் கரையோரப் பகுதிகளுக்குள் புகுந்தது. உறவினர் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த என் காருக்குள் இருக்கையின் அடிவரை நீர் ஏறியது. வடிந்ததும் உறைகளை முழுவதும் கழற்றி, அலசி, நிழலில் கொடிகட்டிக் காயப்போட்டேன். இருக்கைப் பஞ்சு காற்றாட ஒரு வாரம் கதவைத் திறந்து வைத்தேன். நாற்றம் தங்கவில்லை. அதே தெருவில் ரெக்சினை இழுத்துக்கட்டித் தைத்திருந்த ஒரு வண்டியில் ஈரம் உள்ளேயே அடைபட்டுப் பொங்கல் வரை பூஞ்சை வாடை அடித்தது. காயப்போட்ட உறைகளை மொட்டைமாடியில் வரிசையாகப் பார்த்தபோது, சேறு பட்டும் அந்தச் சிவப்புப் பூக்கள் வாடாமல் இருந்ததைக் கண்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இவ்வளவு சொல்லிவிட்டு மதிப்பெண் எத்தனை என்று கேட்டால், இன்றைக்கு ஐந்துக்கு இரண்டுதான் தருவேன். பாதி வழியில் நிறம் மாறி, அழகான கோட்டிலேயே கிழிகிற ஒரு துணிக்கு 7,500 ரூபாயும் இத்தனை ஆசையும் கொட்டியவள் வேறு என்ன தர முடியும்? தோழிக்கு நான் சொன்ன "வேண்டாம்" என்பதையும் திரும்பப் பெறவில்லை. பாய் 3,200 ரூபாய்க்கு முன்னிருக்கை இரண்டுக்கும் ரெக்சின் போட்டுத் தருகிறேன் என்றார். அதற்கும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பீரோவில் வைத்திருந்த மிச்சத் துணியில் ஒரு முழம் கொண்டுபோய்க் கொடுத்து ஒட்டுப்போடச் சொன்னேன். இப்போது ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தில், நீல இலைகளுக்கு நடுவே ஓர் இலை பச்சையாக இருக்கிறது.

தோழிக்கு இரண்டு வார்த்தை. உன் வண்டி புதியது, முன்னிருக்கை முதுகின் பக்கவாட்டிலேயே காற்றுப்பை இருக்கிறது. அந்தப் பக்கத்தை மூடித் தைத்தால் விபத்தில் பை விரிய வழியிருக்காது. முன்னிருக்கையில் கை வைக்காதே, பின்னிருக்கைக்கு மட்டும் தைத்துக்கொள். அதற்கும் துணி எடுக்குமுன் அரை மீட்டர் மட்டும் வாங்கி வா. பாதியை அட்டையால் மூடி, சித்திரை மாதம் முழுவதும் மொட்டைமாடியில் கல் வைத்துப் போட்டு வை. மாதக் கடைசியில் அட்டையை எடுத்துப் பார். இரண்டு பாதியும் ஒன்றாக இருந்தால் பாயிடம் நானே அழைத்துப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால்தான் அவர் அளவெடுக்க நேரம் ஒதுக்குவார்.